மேடை ஏறிய தோலும் ஏறாத தோலும்: மான்பூண்டியா பிள்ளையின் கஞ்சிராவை முன்வைத்து



புதுக்கோட்டையின் இசை வரலாற்றைப் பேச வருகிறவர்கள் குடுமியான்மலையில் தொடங்குவது வழக்கம். அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன், ஏழு பகுதிகளாகச் சுர வரிசைகளைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருமயத்துக் கல்லிலும் 'பரிவாதினி' என்ற நரம்புக் கருவியின் பெயர் இருக்கிறது. இசையைக் கல்லில் எழுதி வைத்த மண் இது என்று நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தச் சுரங்களை மீட்டிய விரல் யாருடையது, அந்தப் பாறையில் உளி பிடித்த கை யாருடையது என்பதைக் கல் சொல்லவில்லை. இசை வரலாறு எழுதப்பட்ட விதமே பெரும்பாலும் இப்படித்தான். ராகம் எஞ்சும், அரசன் பெயர் எஞ்சும், உழைத்த கை எஞ்சாது.

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சாண் அகலமே உள்ள ஒரு தோல்கருவி. அதன் பெயர் கஞ்சிரா. அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் நம் ஊர்க்காரரான மான்பூண்டியா பிள்ளை. மாமூண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள். தலித் இலக்கிய மேடையில் கர்நாடக இசைக் கருவிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வட்டச் சட்டத்தின் ஒரு பக்கம் தோல், மறுபக்கம் திறப்பு. கஞ்சிராவின் இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு நம் தெருவில் இருக்கும் கருவிகளைப் பாருங்கள். அதற்கு மிக நெருங்கிய உறவு பறை. ஒன்று சபா மேடைக்குப் போனது, மற்றொன்று இழவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டது. இந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது என்பதே நம் கேள்வி.

விளக்குத் தூக்கியவர்

மான்பூண்டியா பிள்ளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்து 1922இல் மறைந்தவர். தொண்டைமான் சமஸ்தானம் இசைவாணர்களை ஆதரித்துவந்த காலம் அது. அவருடைய இளமை பற்றி எழுத்தை விட வாய்மொழியே அதிகம். ஊர்வலத்தில் விளக்குத் தூக்கும் வேலையில் இருந்தவர், முன்னால் போகும் தவிலைக் கேட்டுக் கேட்டே லயம் பிடித்தவர் என்பது அவரைப் பற்றிய வழக்காறு. மாரியப்பத் தவில்காரரிடம் கற்றார் என்று மரபு ஒருமுகமாகச் சொல்கிறது. கதையின் விவரங்கள் கூடலாம் குறையலாம். ஆனால் அதன் சமூகவியல் தெளிவானது. அவருடைய கல்வி சாஸ்திரப் புத்தகத்திலிருந்து வரவில்லை. தெருவில் நடந்துகொண்டே வாசிக்கப்படும் தவிலிலிருந்து வந்தது.

அவர் கையில் எடுத்த கருவியும் சாஸ்திர மதிப்பு உடையதல்ல. கஞ்சிரா அதுவரை பஜனைக் கூட்டங்களில் நாமாவளிக்குத் தாளம் தட்டப் பயன்பட்ட கருவி. அதற்கென்று பாடம் கிடையாது, சொற்கட்டு கிடையாது, குரு பரம்பரை கிடையாது. மிருதங்கத்துக்கு ஆயிரம் விதி சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கஞ்சிராவுக்கு விதி சொல்ல ஒருவரும் இல்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த வெளியில்தான் மான்பூண்டியா பிள்ளை நுழைந்தார். தவிலில் கேட்ட கணக்குகளை அந்தச் சின்னத் தோலில் ஏற்றினார். மிருதங்கத்தோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்கு அதை வளர்த்தார். தஞ்சாவூரில் மிருதங்கத்துக்குப் பேர்பெற்ற நாராயணசாமி அப்பா இவருடைய வாசிப்பைக் கேட்டு மதித்தார் என்பதை அந்த மரபினர் இன்றும் ஒரு பட்டயத்தைப் போலச் சொல்லிக்காட்டுகிறார்கள். புதிய கருவி ஒன்று மேடை ஏற, ஏற்கெனவே மேடையில் இருப்பவரின் தலையசைப்பு தேவைப்பட்டது என்பதையும் இந்தக் கதை நமக்குச் சொல்லிவிடுகிறது.

அவருக்குப் பின் அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) வந்தார். அரண்மனைச் சேவகத்தில் இருந்து இசைக்கு வந்தவர். கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் பெரும்பெயர் எடுத்தவர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் கச்சேரிகளில் பக்கவாத்தியங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த வரிசையில் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிரா தனி ஈர்ப்பாக இருந்தது. மான்பூண்டியா பிள்ளையின் இன்னொரு மாணவர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன்தான் இடக்கைக் கலைஞரான பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இடக்கைக்காரர் மிருதங்கம் வாசித்தால் மேடையில் உட்காரும் இடங்களை மாற்ற வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அதற்கு இசைய வேண்டும். இந்தச் சின்ன இட மாற்றத்துக்காகவே அவர் வாய்ப்புகளை இழந்தார். செம்பை வைத்தியநாத பாகவதர் துணை நின்ற பிறகே நிலைமை மாறியது. மேடையில் யார் எங்கே உட்காருவது என்பது எவ்வளவு பெரிய அதிகாரக் கேள்வி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஒரு கை, ஒரு தோல்

மான்பூண்டியா பிள்ளை செய்தது என்ன என்பதைக் கருவியின் அமைப்பை வைத்தே புரிந்துகொள்ள முடியும். கஞ்சிராவின் சட்டம் பலாமரம். அகலம் ஏழு முதல் ஒன்பது அங்குலம். தோல் உடும்பினுடையது. சட்டத்தில் ஒரு துளை, அதில் மூன்று நான்கு சிறு உலோகத் தட்டுகள் அல்லது பழைய காசுகள். முன்பு பல இடங்களில் இருந்த சலங்கைகளைக் குறைத்து இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்ததை மரபு மான்பூண்டியா பிள்ளையின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது. காரணம் எளிதானது. சலங்கை அதிகமானால் ஓசை கலகலக்கும், சொல் கேட்காது. பஜனைக்குக் கலகலப்பு போதும். கணக்கு வாசிக்கிறவருக்குச் சொல் கேட்க வேண்டும்.

மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு கை. வலந்தலை ஒரு குரல், தொப்பி ஒரு குரல். கஞ்சிராவுக்கு ஒரே முகம், வாசிக்க ஒரே கை. இடக்கை கருவியைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் பிடித்திருக்கும் அந்தக் கையையும் சும்மா விடவில்லை இந்த மரபு. இடக்கை விரல்கள் சட்டத்தின் ஓரத்தில் தோலை அழுத்தித் தளர்த்தும்போது நாதம் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும். தொப்பியின் கும்கி இங்கே விரல் அழுத்தத்தில் பிறக்கிறது. தோலின் உட்பக்கம் சில துளி தண்ணீர் தெளித்தால் குரல் தாழ்ந்து கனக்கும். கச்சேரிக்கு நடுவே தண்ணீர் காய்ந்தால் மறுபடியும் தெளிக்க வேண்டும். இப்படி ஒரு கைக்குள் இரண்டு கையின் வேலையை அடக்குவதுதான் கஞ்சிராவின் கலை. பிற்காலத்தில் ஜி. ஹரிசங்கர் (1958–2002) விரல் நுனியையும் உள்ளங்கையின் அடிப்பகுதியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வேகத்தை எங்கோ கொண்டுபோனார். அதற்கான அடித்தளம் புதுக்கோட்டையில் போடப்பட்டது.

தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஒரு சுற்று வாசிக்கும், கஞ்சிரா பதில் சொல்லும். சுற்றுகள் குறுகிக்கொண்டே வரும். கடைசியில் மோரா, கோர்வை. இரண்டு முகம் உடைய கருவி கேட்கும் கேள்விக்கு ஒரு முகம் உடைய கருவி குறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டும். திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று நடைகளை மாற்றியும், கணக்குகளைப் புதிய இடங்களில் தொடங்கியும் முடித்தும் அதைச் சாதித்ததால்தான் 'புதுக்கோட்டை பாணி' என்ற பெயர் வந்தது. தஞ்சாவூருக்கு இணையாக ஒரு பாணியின் பெயராக நம் ஊர்ப்பெயர் நிலைத்தது இந்தக் கைகளால்.

ஓக்லஹோமாவில் ஒரு கிட்டார்

பின்னால் இருந்த கருவியை முன்னால் கொண்டுவந்த கதை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கறுப்பின இசையான ஜாஸிலும் இதே கதை இருக்கிறது. அதையும் பார்த்தால் நம் கேள்வி கூர்மையாகும்.

1930களின் ஜாஸ் குழுக்களில் கிட்டார் பின்வரிசைக் கருவி. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்கும்போது கிட்டார் தாளத்துக்குத் தந்திகளை ஒருசேரத் தட்டிக்கொண்டிருக்கும். அது இருப்பதை உணரலாம், தனியாகக் கேட்க முடியாது. அந்தக் கிட்டாரைத் தனிக்குரலாக மாற்றியவர்களில் முதன்மையானவர் சார்லி கிறிஸ்டியன். 1916இல் டெக்சாஸின் பான்ஹாமில் பிறந்து, நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த ஓக்லஹோமா நகரில் வளர்ந்தவர். தந்தை கண்பார்வை இழந்த இசைக்கலைஞர். அதே ஊரில் வளர்ந்த எழுத்தாளர் ரால்ஃப் எல்லிசன் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளியில் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு நரம்புக் கருவி செய்து வாசித்த சிறுவனாக கிறிஸ்டியனை அவர் நினைவுகூர்கிறார்.

மின்னொலிக் கிட்டார் அப்போதுதான் வந்திருந்தது. கிப்சன் நிறுவனத்தின் ஈ.எஸ்-150 என்ற கருவி கிறிஸ்டியன் கைக்கு வந்தது. சத்தம் கூடியது மட்டுமே அவருடைய சாதனை என்றால் அவரை இன்று யாரும் நினைக்கமாட்டார்கள். கூட்டுச் சுரங்களைத் தட்டுவதை விட்டு, சாக்ஸஃபோன் ஊதுகிறவர் மூச்சு எடுத்துப் பேசுவதுபோல ஒற்றை ஒற்றைச் சுரங்களாக நீண்ட வாக்கியங்களை வாசித்தார். பெரும்பாலும் கீழ்நோக்கிய மீட்டலே வாசித்ததால் ஒவ்வொரு சுரமும் கனமாக விழுந்தது. தாளத்தின் எதிர்பாராத இடத்தில் வாக்கியத்தைத் தொடங்குவார். தாளக்கட்டின் எல்லையைத் தாண்டி வேறிடத்தில் முடிப்பார். எடுப்பும் முடிப்பும் தெரிந்த நம் ஊர் ரசிகருக்கு இது புதிதாக இருக்காது. 1939இல் பெனி குட்மனின் குழுவில் சேர்ந்தார். இரவுகளில் நியூயார்க் ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் என்ற விடுதியில் இளம் கலைஞர்களோடு வாசித்தார். பீபாப் என்று பின்னர் பெயர் பெற்ற இசை உருவான இடங்களில் அதுவும் ஒன்று. 1942 மார்ச் 2 அன்று காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25. பெயர்பெற்ற குழுவில் அவர் வாசித்தது மூன்று ஆண்டுகள்கூட இல்லை. சொந்த ஊரில் அவருடைய கல்லறை அரை நூற்றாண்டு காலம் பெயர்க்கல் இல்லாமல் கிடந்தது. 1994இல்தான் அவர் பெயரில் கல் நடப்பட்டது.

கல்லறையில் பெயர் இல்லாதபோதும் அவர் அழிந்துபோகவில்லை. காரணம் இசைத்தட்டுகள். குட்மன் குழுவின் பதிவுகள் இருந்தன. மின்டன்ஸ் இரவுகளை ஒரு ரசிகர் தன் கருவியில் பதிந்து வைத்திருந்தார். அவற்றைக் கேட்டுத்தான் அடுத்த தலைமுறைக் கிட்டார்காரர்கள் கற்றார்கள். வெள்ளையருக்குச் சமமாக ஒரு விடுதியில் தங்க முடியாத சமூகத்திலிருந்து வந்தவர்களின் வாசிப்பு, 'இன்னாருடைய பாணி' என்று தனித்தனிப் பெயரோடு ஆவணமானது. லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பாணி, லெஸ்டர் யங் பாணி, சார்லி கிறிஸ்டியன் பாணி. 'கறுப்பர்களின் கூட்டு ஆவேசம்' என்று ஒரே சொல்லில் அந்த இசையை அடைத்துவிட முடியவில்லை. தனிப்பெயர் என்பது மரியாதையின் முதல் படி.

நெருப்பும் தண்ணீரும்

இப்போது நம் தெருவுக்கு வருவோம். கஞ்சிராவுக்குத் தண்ணீர் என்றால் பறைக்கு நெருப்பு. தோலை அனலில் காட்டி விறைப்பேற்றினால்தான் பறை பேசும். ஒன்று தோலைத் தளர்த்திக் குரல் தேடுகிறது, மற்றொன்று முறுக்கிக் குரல் தேடுகிறது. பறைக்கு இரண்டு குச்சி. நீண்டு மெலிந்தது சிண்டு, குட்டையாகத் தடித்தது அடிக்குச்சி. தோளில் தொங்கவிட்டு, இடக்கையில் சிண்டைப் பிடித்தபடியே சட்டத்தையும் அணைத்துக்கொள்ள வேண்டும். பிடித்திருக்கும் கையே வாசிக்கவும் வேண்டும் என்ற நிபந்தனை இரண்டு கருவிக்கும் பொது. ஒரே குடும்பம் என்று நாம் சொல்வது இதனால்தான்.

பழமையில் பறை எந்தக் கருவிக்கும் இளைத்ததல்ல. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்தது தொல்காப்பியம். பறையன், துடியன், பாணன், கடம்பன் ஆகியோரைப் பெருமைக்குரிய குடிகளாகப் பேசியது புறநானூறு. பஜனைக் கஞ்சிராவுக்கு இந்தச் சான்றுகளில் ஒன்றுகூட இல்லை. பழமைதான் மேடைக்குத் தகுதி என்றால் பறை முதலில் ஏறியிருக்க வேண்டும். கணக்கின் நுட்பம்தான் தகுதி என்றால், சப்பரத்தடிக்கும் சாமிச்சாட்டு அடிக்கும் மருள் அடிக்கும் மாரடிப்பு அடிக்கும் உள்ள வேறுபாடுகளைக் கேட்டுப் பார்க்க யாராவது வந்திருக்க வேண்டும். தோல் தீட்டு என்றால் உடும்புத் தோலும் தோல்தான். மிருதங்கத்தில் மாட்டுத்தோலும் இருக்கிறது.

ஆகவே பிரித்தது கருவியின் இயல்பு அல்ல. கஞ்சிராவை எடுத்த கை, ஊரின் நடுத்தெருவில் நடக்கக்கூடிய கை. அரண்மனை ஊர்வலத்தில் விளக்கோடு கூடவே போக முடிந்த கை. பறையை எடுத்த கை ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட கை. சாவுச் செய்தி சொல்லவும், பிணத்துக்கு முன்னால் நடக்கவும், திருவிழாவுக்கு அறிவிப்புச் செய்யவும் அந்தக் கைக்குக் கட்டாயம் இருந்தது. மறுக்க உரிமை இல்லை. கூலி ஊரார் வைத்தது. புதுமை செய்வதற்கு ஒரு கலைஞருக்கு முதலில் வேண்டியது, 'இன்று வாசிக்கமாட்டேன்' என்று சொல்லும் உரிமை. கட்டாய உழைப்பில் இருந்த நம் முன்னோருக்கு அது இல்லை. அந்த நிலையிலும் அவர்கள் அடிகளைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் வியப்பு.

மான்பூண்டியா பிள்ளையின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் பிராமணரல்லாத மரபின் பிள்ளைதான். அவர் வழியில் வந்தவர்களையும் சபா உலகம் எளிதாக மதித்துவிடவில்லை. சென்னை மியூசிக் அகாதெமி மிருதங்கக் கலைஞர் ஒருவருக்குச் சங்கீத கலாநிதி வழங்கியது முதன்முதலாக 1966இல்தான். பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி சுப்பிரமணிய பிள்ளை மறைந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. படிநிலைச் சமூகத்தில் ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு படி இருக்கிறது, கீழே ஒரு படி இருக்கிறது. மேல்படி தனக்குச் செய்த அநீதியைப் பேசுகிறவர்கள் கீழ்ப்படியையும் குனிந்து பார்க்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.

தோலைப் பதப்படுத்திய கை

வாசித்தவருக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். கருவியைச் செய்தவர். மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக 2020இல் எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞரின் காது இருந்ததை அந்த நூல் பொதுவெளிக்குச் சொன்னது. எந்த மாட்டின் தோல், எந்த வயது, எந்தப் பகுதித் தோல் என்பதையெல்லாம் தொட்டுப் பார்த்தே சொல்லும் அறிவு அது. அந்த நூலின் வெளியீட்டுக்கு முதலில் இடம் தருவதாக இருந்த கலாக்ஷேத்ரா பின்வாங்கியது. விழா வேறிடத்தில் நடந்தது. மாட்டுத்தோல் மேடையில் ஒலிக்கலாம், அந்தத் தோலைப் பற்றிய பேச்சு மேடையில் ஒலிப்பதுதான் சங்கடம். 2019இல் வந்த 'சர்வம் தாளமயம்' திரைப்படம் மிருதங்கம் செய்கிறவரின் மகன் வாசிக்க ஆசைப்படுவதைக் கதையாக்கியது. செய்கிறவர் வாசிப்பது இன்றும் கதைக்குரிய அதிசயமாக இருக்கிறது என்பதை அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கஞ்சிராவின் உடும்புத் தோலுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. புதரிலும் பொந்திலும் உடும்பு பிடிக்கத் தெரிந்தவர்கள், தோலை உரித்துப் பதமாக்கியவர்கள் மேடையில் உட்கார்ந்தவர்கள் அல்ல. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. இன்று உடும்பைப் பிடிப்பது கடும் குற்றம். ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் பயன்படுகின்றன. காட்டுயிரைக் காப்பது சரியே. ஆனால் சட்டம் வந்த பிறகு கலைஞருக்கு மாற்றுத்தோல் தேடித் தந்த உலகம், அந்தத் தோலை நம்பி வாழ்ந்தவருக்கு மாற்றுத்தொழில் தேடித் தந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பாணி என்ற சொல்

2024 பிப்ரவரியில் 'சக்தி' குழுவின் இசைத்தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அந்தக் குழுவில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கஞ்சிரா வாசித்தவர் வி. செல்வகணேஷ். புதுக்கோட்டையில் பஜனையிலிருந்து புறப்பட்ட கருவி ஜாஸ் கிட்டாரோடு உலக மேடையில் உட்கார்ந்தது. அடுத்த ஆண்டே, 2025இல், மதுரை வட்டாரத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இரண்டு செய்தியிலும் நமக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். செல்வகணேஷைப் பற்றி எழுதுகிறவர்கள் குரு யார், பாணி எது, எந்த விரல் எப்படி வாசிக்கிறது என்று எழுதுகிறார்கள். பறையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'தொன்மை', 'ஆவேசம்', 'அதிர்வு' என்ற மூன்று சொற்களோடு முடித்துவிடுகிறார்கள். நம் மேடைகளிலும் இது நடக்கிறது. பறையை விடுதலையின் குறியீடு என்கிறோம். குறியீடு ஆக்கிய வேகத்தில் வாசிக்கிறவரின் விரலைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

பறையைத் தூக்கமாட்டோம் என்று மறுத்த போராட்டமும், பறையை நம் கலையாக மீட்டெடுத்த இயக்கமும் நம் வரலாற்றில் இரண்டு மரபுகள். இரண்டும் எதிரிகள் அல்ல என்பது நம் நிலைப்பாடு. கட்டாயம் முற்றாக ஒழிய வேண்டும். திறமை முற்றாகப் பதிவாக வேண்டும். இழவு வீட்டுக்கு வர மறுக்கும் உரிமையுள்ள ஒருவரே கலைஞராக மேடைக்கும் வர முடியும்.

ஆகவே இந்த நினைவுநாளில் ஒரு வேலையை முன்மொழிகிறோம். புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, கந்தர்வகோட்டை, இலுப்பூர், அறந்தாங்கி வட்டாரங்களில் இன்று பறை வாசிக்கும் முதியவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். அவர்களின் இசைவோடு பெயர், ஊர், கற்றுத் தந்தவர், அவருக்குக் கற்றுத் தந்தவர் என்று மூன்று தலைமுறையாவது எழுத வேண்டும். அவர்கள் வாசிக்கும் ஒவ்வோர் அடியையும் அவர்கள் சொல்லும் பெயரிலேயே, கை தெரியும்படி, காணொளியாகப் பதிய வேண்டும். இந்த அடியை இவர் இப்படி மாற்றினார், அந்த ஊரில் வேறு மாதிரி வாசிப்பார்கள் என்று அவர்கள் சொல்வதைத் தனியாகக் குறிக்க வேண்டும். பதிவின் உரிமை அவர்களிடமே இருக்க வேண்டும். கைப்பேசி வைத்திருக்கும் நம் மாணவர்கள் அடுத்த விடுமுறையிலேயே இதைத் தொடங்கலாம்.

மான்பூண்டியா பிள்ளை ஊர்வலத்தில் விளக்குத் தூக்கிக்கொண்டு தவிலைக் கேட்ட அதே ஆண்டுகளில், அதே ஊரின் சேரிகளிலும் யாரோ பறையின் அடியைப் புதிதாக மாற்றிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இன்று வாசிப்பவர்களின் பெயரும் அப்படிப் போய்விடக் கூடாது. புதுக்கோட்டை பாணி என்று இசை உலகம் ஒன்றைத்தான் அறிந்திருக்கிறது. இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதை எண்ணிச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.